தமிழில் இணையதள வடிவமைப்பு நூல்கள்: ஒரு மதிப்பீடு

இணையதளம் அமைப்பதைத் தமிழில் கற்க விரும்புபவருக்கு இன்று கிடைக்கும் நூல்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று தமிழ்நாட்டு அரசின் மேல்நிலை வகுப்புப் பாடநூல். மற்றொன்று கணியம் போன்ற கட்டற்ற மின்னூல் முயற்சிகள். இவற்றுக்கு முன்பே 1990களில் 'தமிழ் கம்ப்யூட்டர்' போன்ற இதழ்களும், காம்கேர் கே. புவனேஸ்வரி போன்ற எழுத்தாளர்களின் நூல்களும் கணினியைத் தமிழ் வாசகரிடம் கொண்டு சேர்த்தன. இந்த மரபு எளிய தமிழில், குறைந்த செலவில், ஆசிரியர் இல்லாத வாசகருக்கும் புரியும்படி எழுதக் கற்றுக்கொண்ட மரபு. அதன் சாதனை சிறியதல்ல.

ஆனால் இந்நூல்கள் எதைக் கற்பிக்கின்றன என்று பார்த்தால் ஒரு சாய்வு தெரிகிறது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றின் கட்டளைகள் விரிவாக உள்ளன. அந்தக் கட்டளைகளால் உருவாகும் பக்கத்தை யார் படிக்கப்போகிறார், எந்தக் கருவியில் படிப்பார், எங்கே தடுமாறுவார் என்ற கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. பயன்பாட்டு எளிமை எனப்படும் இந்தப் பகுதிதான் மெதுவாகப் பழையதாவது. கட்டளைகள் சில ஆண்டுகளில் மாறிவிடும். அச்சில் நிற்க வேண்டியதை விட்டுவிட்டு, அச்சில் நிற்காததை அச்சிட்டிருக்கிறார்கள் என்பதே இந்நூல்களின் மீது வைக்க வேண்டிய முதன்மை விமர்சனம்.

பாடநூல்

2018இல் தமிழ்நாட்டின் பாடத்திட்டம் மாற்றப்பட்டபோது பதினொன்றாம் வகுப்புக்கான 'கணினிப் பயன்பாடுகள்' நூல் புதிதாக எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு நூல் வந்தது. அறிவியல் பிரிவு மாணவர்கள் படிக்கும் 'கணினி அறிவியல்' சி++, பைத்தான் என்று நிரல்மொழிகளின் பக்கம் செல்ல, இணையதளம் அமைக்கும் கல்வி பெரும்பாலும் வணிகவியல் மாணவர்கள் எடுக்கும் இந்தப் பாடத்துக்கு வந்து சேர்ந்தது. இது நல்ல முடிவு. கடை, கணக்கு, சரக்கு என்று பேசும் மாணவருக்குத்தான் ஒரு தளம் எதற்கு என்பது எளிதில் புரியும்.

பதினொன்றாம் வகுப்பு நூலின் 18 இயல்களில் 10 முதல் 16 வரையிலான ஏழு இயல்கள் இணையப் பக்கம் பற்றியவை. எச்டிஎம்எல்லுக்கு மூன்று, சிஎஸ்எஸ்ஸுக்கு ஒன்று, ஜாவாஸ்கிரிப்டுக்கு மூன்று. பன்னிரண்டாம் வகுப்பில் பிஎச்பி தொடங்கி, அதை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு இணைப்பது வரை செல்கிறார்கள். தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் நூல் உண்டு. மின்வடிவில் இலவசமாகத் தரவிறக்கலாம். பதினாறு வயது மாணவர் இரண்டே ஆண்டுகளில் முதல் ஒட்டிலிருந்து தரவுத்தளம் வரை, தன் மொழியில், ஒரே வரிசையில் படிக்க முடிகிறது. இந்த வரிசையின் மதிப்பைத் துண்டு துண்டான காணொளிகளில் கற்று அலுத்தவர் அறிவார்.

குறை அந்த ஏழு இயல்களுக்குள் இடம் பங்கிடப்பட்ட விதத்தில் உள்ளது. எழுத்தின் வடிவம், அளவு, நிறம் ஆகியவற்றை மாற்றும் 'ஃபாண்ட்' ஒட்டு பாடத்தில் இருக்கிறது. எழுத்தை ஓடவிடும் 'மார்க்யூ' இருக்கிறது. 'ஃபாண்ட்' ஒட்டைத் தவிர்க்கும்படி 1997 டிசம்பரில் வெளியான எச்டிஎம்எல் 4 தரமே சொல்லிவிட்டது. 2014 அக்டோபரில் பரிந்துரையாக வெளியான எச்டிஎம்எல்5 இவ்விரண்டையும் வழக்கொழிந்தவை என்று ஒதுக்கியது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து வந்த பாடநூல் இவற்றை மாணவருக்கு அறிமுகம் செய்கிறது. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட் 2017 மார்ச்சில் முக்கிய உலாவிகளுக்கு வந்துவிட்டது. ஆனால் சிஎஸ்எஸ் முழுவதற்கும் கிடைத்தது ஒரே இயல்.

இது நூலாசிரியர்களின் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. காரணம் தேர்வில் இருக்கிறது. 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். 'ஃபாண்ட்' ஒட்டுக்கு எத்தனை பண்புக்கூறுகள், அவை யாவை என்று கேட்கலாம், விடைக்குறிப்பு தயாரிக்கலாம், ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை ஒரே அளவில் திருத்தலாம். ஒரு பக்கத்தில் முதலில் எது கண்ணில் பட வேண்டும் என்ற கேள்விக்கு அப்படி ஒரு விடைக்குறிப்பு எழுத முடியாது. பழைய ஒட்டுகள் பாடத்தில் தங்கியிருப்பதற்கு அவை வினாவுக்கு வசதியாக இருப்பதும் ஒரு காரணம் என்றே கருத வேண்டும்.

விளைவு சிறியதல்ல. தலைப்பு ஒட்டுகள் ஆறு. முதலாவது மிகப் பெரியது, ஆறாவது மிகச் சிறியது. தேர்வுக்காக இப்படிப் படித்தவர் அவற்றை எழுத்தின் அளவாகவே நினைவில் வைப்பார். பெரிய எழுத்து வேண்டுமென்றால் முதலாவதைப் போடுவார். உண்மையில் அந்த ஆறும் ஒரு கட்டுரையின் உள்ளமைப்பைக் குறிப்பவை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் இந்தத் தலைப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்துக்குள் தாவிச் செல்கிறது. இந்த ஒரு வாக்கியம் பாடத்தில் சேர்ந்திருந்தால் ஆறு ஒட்டுகளும் மனப்பாடப் பொருளாக இல்லாமல் காரணம் உள்ளவையாக மாறியிருக்கும்.

மார்க்யூவின் கதையும் இதுவே. தமிழ்நாட்டுக் கல்லூரித் தளங்களின் மேற்பகுதியில் வலமிருந்து இடமாக ஓடும் சிவப்பு எழுத்துகளை அறியாதவர் இல்லை. தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டிய கடைசி நாள் அதில்தான் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டால் திறக்கும் இணைப்பும் அதற்குள்தான் இருக்கும். ஓடுகிற இணைப்பை விரலால் பிடிப்பது மீன் பிடிப்பது போன்ற வேலை. ஐந்து நொடிக்கு மேல் தானாக நகரும் எதையும் நிறுத்த வழி தர வேண்டும் என்று 2008இல் வெளியான அணுக்க வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. ஒட்டைக் கற்பித்தவர்கள் அந்த நெறியையும் சேர்த்துக் கற்பித்திருக்கலாம்.

எளிய தமிழில்

த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் கணியம் மின்னிதழைத் தொடங்கினர். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுவது அதன் நோக்கம். 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் வழியாக இத்தகைய தொடர்கள் மின்னூல்களாகவும் பரவின. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்கள், எச்டிஎம்எல் பற்றியது உட்பட, இதில் குறிப்பிடத்தக்கவை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாவதால் இவற்றை யாரும் நகலெடுத்துப் பகிரலாம். வேலை தேடும் பட்டதாரிக்கு, ஆங்கிலக் கையேட்டைக் கண்டு தயங்கும் கல்லூரி மாணவருக்கு, இவ்வகை நூல்கள் செய்த உதவியைப் பாடநூலோடு ஒப்பிட முடியாது. தேர்வு இல்லாத நூல் என்பதே அவற்றின் பெரிய விடுதலை.

கலைச்சொற்களில் இரண்டு மரபுகளும் எதிரெதிராக நிற்கின்றன. பாடநூல் 'ஒட்டு', 'பண்புக்கூறு', 'செயற்கூறு' என்று தமிழாக்கிக்கொண்டே செல்கிறது. 'எளிய தமிழில்' நூல்கள் தலைப்பிலேயே தொழில்நுட்பப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, விளக்கத்தை மட்டும் தமிழில் தருகின்றன. இலங்கையின் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தில் 'வலை விருத்தி', 'தொழினுட்பம்' என்று இன்னொரு வழக்கு. மூன்றையும் படிக்கும் மாணவருக்கு ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் கிடைக்கின்றன. இதைப் பெரிய கேடாக எண்ண வேண்டியதில்லை. நிரலில் எழுதும் சொல் எப்படியும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்; அதை விளக்கும் சொல் பிடிபட்டால் போதும்.

இவ்வரிசையின் எல்லை அதன் நோக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மொழியின் இலக்கணத்தை எளிமையாகச் சொல்வதே இதன் குறிக்கோள். இலக்கணம் தெரிந்தபின் என்ன எழுதுவது என்பது வாசகரிடம் விடப்படுகிறது. நன்னூலைப் படித்து முடித்தவர் நல்ல கடிதம் எழுதிவிடுவார் என்று யாரும் சொல்வதில்லை. இணையத்தில் மட்டும் அந்த நம்பிக்கை எப்படியோ நிலைத்துவிட்டது.

பயன்படுத்துபவரைப் பற்றிய நூல்கள்

ஆங்கிலத்தில் இந்த இடைவெளியை நிரப்பிய நூல்கள் கணினி நூல்களைப் போலவே இருக்காது. டொனால்டு நார்மன் 1988இல் எழுதிய அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பு பற்றிய நூல் கதவுகளைப் பற்றிப் பேசுகிறது. தள்ள வேண்டுமா, இழுக்க வேண்டுமா என்று எழுதி ஒட்ட வேண்டிய கதவு, கதவாகத் தோற்றுவிட்டது என்பது அவருடைய வாதம். வங்கியின் கண்ணாடிக் கதவில் 'தள்ளு' என்று எழுதியிருக்க, அதையே இழுத்துப் பார்த்து வெட்கப்பட்டவருக்கு இந்த வாதத்தை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பிழை உங்களுடையதல்ல, கதவுடையது என்கிறார் நார்மன்.

ஸ்டீவ் க்ரக் 2000இல் எழுதிய சிறிய நூல் இதை இணையப் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. பக்கத்தைப் பார்ப்பவரை யோசிக்க வைக்காதே என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். மக்கள் பக்கத்தை வாசிப்பதில்லை, மேய்கிறார்கள். சிறந்த வழியைத் தேடுவதில்லை, போதுமானதைக் கண்டதும் தொட்டுவிடுகிறார்கள் என்பது அவர் தரும் சித்திரம். அதே ஆண்டில் யாக்கோப் நீல்சன், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று எழுதினார். இந்த எண்ணிக்கை எல்லாச் சூழலுக்கும் பொருந்துமா என்று பின்னாளில் விவாதம் எழுந்தது உண்மை. ஆனால் ஆய்வுக்கூடம் இல்லாதவரும் சோதனை செய்யலாம் என்ற துணிவைப் பலருக்கு அது தந்தது.

கவனிக்க வேண்டியது இவற்றின் ஆயுள். க்ரக்கின் மூன்றாம் பதிப்பு 2014 வாக்கில் வந்தபோது கைபேசி பற்றிய இயல் சேர்ந்தது, எடுத்துக்காட்டுகள் மாறின. அடிப்படை வாதம் மாறவில்லை. அதற்கு மாறாக, 2011இல் வெளியான ஜான் டக்கெட்டின் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் நூலை எடுத்துக்கொள்ளலாம். அச்சும் அமைப்பும் கண்ணைக் கவரும் நூல் அது. உலகெங்கும் தொடக்க மாணவர்கள் கையில் இருந்தது. ஆனால் பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்க அது கற்பித்த மிதவை முறை அடுத்த சில ஆண்டுகளில் பின்னுக்குப் போய்விட்டது. டக்கெட்டுக்கே இந்த நிலை என்றால், ஒரு முறை அச்சானபின் பல ஆண்டுகள் வகுப்பறையில் இருக்க வேண்டிய பாடநூலின் நிலை சொல்லாமலே விளங்கும்.

ஒரு ஊரின் பெயர்

ஆங்கில நூல்களை அப்படியே மொழிபெயர்த்தாலும் தமிழுக்குப் போதாது. சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையில் ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சிகளில் ஒன்று வெள்ளக்கடை. அவ்வூர் மாணவர் ஒருவர் பாடநூலைப் படித்துத் தன் ஊருக்கு ஒரு பக்கம் அமைப்பதாகக் கொள்ளலாம்.

'வெள்ளக்கடை' என்பதில் தமிழ் படித்தவர் எண்ணினால் ஆறு எழுத்துகள். ஒருங்குறியில் அது பத்துக் குறியீடுகள், ஏனெனில் ஒற்றைக்கொம்பு, இரண்டு புள்ளிகள், ஐகாரக் குறி ஆகியவை தனித்தனியே கணக்கில் வருகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 10 என்று வரும். பிஎச்பியில் நீளம் காணும் வழக்கமான செயற்கூறு 30 என்று சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் என்பதால். ஆறு, பத்து, முப்பது ஆகிய மூன்றும் சரியான விடைகள்தாம். ஆனால் எது எங்கே தேவை என்று அறியாதவர் படிவத்தில் ஊர்ப்பெயருக்கு ஒன்பது இடம் மட்டும் ஒதுக்கினால், 'வெள்ளக்கட' என்று எழுதியதும் பெட்டி நிரம்பிவிடும். தட்டச்சு செய்பவர் தன்மீது பிழை என்றே நினைப்பார். நார்மனின் கதவு இங்கேயும் நிற்கிறது.

காபிக்கொட்டை என்று தேடுவதிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிடும்போது நிரல் இரண்டையும் வேறு சொற்களாகக் கருதும். இவற்றை முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தபின் ஒப்பிட வேண்டும் என்பது தமிழில் தேடல் வசதி செய்யும் எவருக்கும் முதல் பாடம். ஆங்கில நூலில் இது அடிக்குறிப்பாகக்கூட இருக்காது.

தரவுத்தளத்திலும் பொறி உண்டு. மைஎஸ்க்யூஎல் 5.7 வரை இயல்பான எழுத்துக் குறியீட்டு முறை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. அதில் அமைப்பை மாற்றாமல் தமிழைச் சேமிக்க முயன்றால் வரிசையாகக் கேள்விக்குறிகள் திரும்பி வரலாம். 2018இல் வந்த 8ஆம் பதிப்பில்தான் ஒருங்குறி இயல்பானது. பிஎச்பியையும் மைஎஸ்க்யூஎல்லையும் இணைக்கக் கற்பிக்கும் தமிழ்வழி நூல் ஒன்றில் இது தனித்தலைப்பாகவே இருக்கத் தக்கது.

கண்ணுக்குத் தெரியும் பகுதிகளும் உள்ளன. தமிழ் எழுத்துகள் மேலும் கீழும் நீள்வதால் ஆங்கிலத்துக்குப் போதும் வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கடியாகிறது. 'லாகின்' என்று ஒரு சொல்லில் முடியும் பொத்தான், 'உள்நுழையவும்' என்று விரிந்து, சிறிய திரையில் இரண்டு வரியாக உடைகிறது. தமிழுக்கு மரபில் இல்லாத சாய்வெழுத்தை உலாவி செயற்கையாகச் சாய்த்துக் காட்டும்போது வாசிப்பு கெடுகிறது. இரு ஓரமும் சமமாக நிரப்பச் சொன்னால் நீண்ட சொற்களுக்கு இடையே ஓட்டைகள் விழுகின்றன. அச்சுத் தொழிலில் இருந்தவர்கள் இவற்றை எல்லாம் கையால் சரிசெய்தார்கள். இணையத்தில் அந்தக் கை இல்லை.

பதினொன்றாம் வகுப்பு நூலின் இறுதியில் தமிழ்க் கணினிப் பயன்பாடு பற்றி ஓர் இயல் இருக்கிறது. தமிழ் மென்பொருள்கள், தமிழில் தேடல் போன்றவற்றை அறிமுகம் செய்யும் இயல் அது. பெருமைக்குரியவற்றின் பட்டியலாக நூலின் கடைசியில் நிற்பதை விட, எச்டிஎம்எல் இயல்களுக்கு நடுவே வந்து மேலே சொன்ன சிக்கல்களைப் பேசியிருந்தால் அந்த இயல் பயன்பட்டிருக்கும்.

செய்முறை

வெள்ளக்கடை மாணவரின் பக்கத்துக்கே திரும்பலாம். சேர்வராயன் மலையில் காபியும் மிளகும் விளைகின்றன. அவர் மிளகு விலையைத் தன் பக்கத்தில் இடுவதாகக் கொள்ளலாம். பாடநூலின்படி அட்டவணை போடத் தெரியும். எல்லைக்கோடு, கட்ட இடைவெளி எல்லாம் சரியாக வரும். கைபேசியில் எடுத்த தோட்டத்தின் படம் ஒன்றைச் சேர்த்து, அகலம் 200 என்று குறைப்பார். படம் சிறியதாகத் தெரியும். ஆனால் 4 எம்பி கோப்பு அப்படியே 4 எம்பியாகத்தான் இறங்கும். மலைச்சரிவில் விட்டுவிட்டுச் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று விலை பார்க்க வந்தவர், படம் வந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். அகலப் பண்புக்கூறைக் கற்பித்த அதே பக்கத்தில் கோப்பின் எடையையும் சொல்ல நான்கு வரிகள் போதும்.

பார்க்க வந்தவருக்கு முதலில் வேண்டியது எது? இன்றைய விலையா, அது எந்த நாள் விலை என்பதா, கிலோவுக்கா மூட்டைக்கா என்பதா? விலைக்குப் பக்கத்தில் தேதி இல்லாத பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனற்றது, தவறான விற்பனைக்கும் இட்டுச் செல்லும். இதைக் கண்டுபிடிக்க எந்த நிரல்மொழியும் உதவாது. மிளகு விற்கும் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, இன்றைய விலை என்னவென்று பார்க்கச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் அருகில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். க்ரக் கற்பிக்கும் சோதனையின் சாரம் இவ்வளவுதான். இதற்குக் கண்ணாடிச் சுவர் அறை வேண்டாம். ஒரு கைபேசியும் பொறுமையான ஐந்து உறவினர்களும் போதும்.

செய்முறைத் தேர்வுக்கு 20 மதிப்பெண் உண்டு. நிரலை எழுதி, இயக்கி, வெளியீட்டைக் காட்டினால் கிடைக்கும். அந்த இருபதில் ஐந்தை, மாணவர் தன் பக்கத்தை மூன்று பேரிடம் கொடுத்துக் கண்டவற்றையும் அதன்பின் மாற்றியவற்றையும் பதிவேட்டில் ஒரு பக்கம் எழுதுவதற்கு ஒதுக்க முடியும். இதற்குக் கணினி ஆய்வகத்தில் கூடுதலாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. விடைக்குறிப்பு எழுதுவதுதான் சற்றுக் கடினம்.